கிரைம் கதை எழுதுறவங்களுக்கு தனி மாநாடா? அங்கே என்ன நடக்கும்? வேலூர், ஆம்பூர் பக்கம் அப்படி ஒன்று சாத்தியமா?

ஒரு கிரைம் கதையின் முதல் அத்தியாயம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

2025-ம் ஆண்டு. ஆம்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், தண்டவாளத்தில் ஒரு ஆணின் உடல். தகவல் கிடைத்ததும் வேலூர் எஸ்.பி. ஜீப்பில் வந்து இறங்குகிறார். இன்ஸ்பெக்டர் 302-வது பிரிவில் கொலை வழக்கு போடுகிறார். அன்று நள்ளிரவே பிரேத பரிசோதனை முடிகிறது. மறுநாள் காலை சந்தேக நபர் ஸ்டேஷனில் வைத்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார். அந்த வாக்குமூலத்தை வைத்தே கோர்ட்டில் தண்டனை வாங்கித் தருகிறார் இன்ஸ்பெக்டர். சுபம்.

படிக்க விறுவிறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்த ஒரு பத்தியில் ஐந்து தப்பு இருக்கிறது.

ஆம்பூர் இப்போது வேலூர் மாவட்டத்தில் இல்லை. 2019 நவம்பரில் திருப்பத்தூர் தனி மாவட்டம் ஆனபோதே ஆம்பூரும் வாணியம்பாடியும் அதற்குள் போய்விட்டன. தண்டவாளத்தில் கிடக்கும் உடலை முதலில் கையில் எடுப்பது ரயில்வே போலீஸ். 302 என்ற எண் 2024 ஜூலை 1-ம் தேதிக்குப் பிறகு நடக்கும் கொலைக்குப் பொருந்தாது. கொலை என்று சந்தேகம் இருக்கும் உடலை ராத்திரியில் பரிசோதனை செய்வது வழக்கமான நடைமுறை அல்ல. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் சாட்சியமாக நிற்காது.

இந்த ஐந்தையும் எழுதியவருக்கு யார் சொல்லித் தருவது? ஓய்வுபெற்ற ஒரு போலீஸ்காரர், ஒரு வக்கீல், ஒரு தடயவியல் மருத்துவர் ஆகிய மூன்று பேருடன் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும். உலகத்தின் பல ஊர்களில் கிரைம் எழுத்தாளர்களுக்கென்று நடக்கும் மாநாடுகளும் பட்டறைகளும் செய்யும் முக்கியமான வேலை அதுதான்.

*எங்கே, எப்போது ஆரம்பித்தது?*

துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் சங்கமாகச் சேர்ந்த பழைய உதாரணம் லண்டனின் 'டிடெக்ஷன் கிளப்'. 1930-ல் தொடங்கிய இதன் முதல் தலைவர் ஜி.கே.செஸ்டர்டன். அகதா கிறிஸ்டி, டோரதி சேயர்ஸ் போன்றவர்கள் உறுப்பினர்கள். வாசகருக்குத் துப்பு எதையும் மறைக்கக் கூடாது, தற்செயலை வைத்து கொலைகாரனைப் பிடிக்கக் கூடாது என்ற ரீதியில், புதிதாகச் சேர்கிறவர்கள் விளையாட்டும் கறாருமாக ஒரு உறுதிமொழி எடுப்பார்கள்.

அமெரிக்காவில் 1945-ல் 'மிஸ்டரி ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற சங்கம் பிறந்தது. எட்கர் ஆலன் போ பெயரில் இவர்கள் கொடுக்கும் எட்கர் விருதுதான் இந்தத் துறையில் பெரிய கௌரவம். குற்றம் செய்து சம்பாதிக்க முடியாது என்ற பழைய ஆங்கிலச் சொல்லோடு 'போதுமான அளவுக்கு' என்ற வார்த்தையைச் சேர்த்து, அதைத் தங்கள் முழக்கமாக வைத்துக்கொண்டார்கள். எழுத்தாளனுக்குக் கூலி குறைவு என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்லும் முறை அது. இங்கிலாந்தில் 1953-ல் ஜான் கிரீசி தொடங்கிய கிரைம் எழுத்தாளர் சங்கம் இன்றும் இயங்குகிறது.

வாசகர்களும் எழுத்தாளர்களும் ஒரே இடத்தில் கூடும் பெரிய மாநாடு 'பவுச்சர்கான்'. அந்தோணி பவுச்சர் என்ற விமர்சகரின் நினைவாக 1970-ல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் தொடங்கியது. வருடத்துக்கு ஒரு ஊர் என்று மாறிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் தன்னார்வலர்களே நடத்துகிறார்கள். டிக்கெட் எடுத்தால் யார் வேண்டுமானாலும் போகலாம்.

இங்கிலாந்தின் ஹாரோகேட் ஊரில் 2003 முதல் நடக்கும் கிரைம் எழுத்து விழாவுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. 1926 டிசம்பரில் 11 நாள் காணாமல் போன அகதா கிறிஸ்டி கடைசியில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டலில்தான் விழா நடக்கிறது. உள்ளூர்க் கதை ஒன்றை எடுத்து, அதையே ஊருக்கு வரும் கூட்டமாக மாற்றிக்கொண்டார்கள்.

*மாநாடு, விழா, பட்டறை... என்ன வித்தியாசம்?*

மூன்றும் ஒன்று போலத் தெரியும். ஆனால் நோக்கம் வேறு.

மாநாடு என்பது எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் இரண்டு, மூன்று நாள் சேர்ந்து இருப்பது. ஒரே நேரத்தில் பல அரங்குகளில் உரையாடல் நடக்கும். ஒரு அறையில் விஷத்தைப் பற்றி, இன்னொரு அறையில் வரலாற்று மர்மக் கதை பற்றி. விருது கொடுப்பார்கள்.

விழா என்பது பெரும்பாலும் வாசகருக்கானது. பிரபலமானவர்கள் மேடையில் பேசுவார்கள், புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார்கள்.

பட்டறை என்பது வேலை நடக்கும் இடம். 15 பேர், 20 பேர்தான் இருப்பார்கள். ஒவ்வொருவரும் எழுதியதைக் கொண்டுவர வேண்டும். எந்தப் பக்கத்தில் கொலைகாரன் யார் என்று தெரிந்துவிட்டது, எங்கே கதை தொய்கிறது என்று மற்றவர்கள் முகத்துக்கு நேரே சொல்வார்கள்.

இதில் கொஞ்சம் வித்தியாசமான ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் ஓய்வுபெற்ற துப்பறியும் அதிகாரி ஒருவர் 2009-ல் எழுத்தாளர்களுக்காக ஒரு 'போலீஸ் அகாடமி'யைத் தொடங்கினார். கைரேகை எடுப்பது, சம்பவ இடத்தைப் பாதுகாப்பது, கைது செய்வது எல்லாவற்றையும் அங்கே எழுத்தாளர்கள் தாங்களே செய்து பார்க்கிறார்கள்.

*இந்தியாவில் நடந்திருக்கிறதா?*

நடந்திருக்கிறது. 2015 ஜனவரியில் டெல்லியில் கிரைம் எழுத்தாளர்களுக்கென்று தனி விழா நடந்தது. 2024 நவம்பர் இறுதியில் டேராடூனில் குற்ற இலக்கிய விழா நடந்தது. ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரிகள், எழுத்தாளர்கள், சினிமாக்காரர்கள் ஒரே மேடையில் உட்கார்ந்தார்கள். ஆனால் இவை பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் நடப்பவை. ஆம்பூரிலிருந்து ஒருவர் லீவு போட்டு, டேராடூன் போய், இந்தியில் கேட்டுவிட்டு வருவது நடக்கிற காரியம் இல்லை.

*தமிழில் கிரைம் எழுத்துக்கு என்ன குறைச்சல்?*

எழுத்துக்குக் குறைச்சலே இல்லை. பண்டித நடேச சாஸ்திரி 'தானவன்' என்ற போலீஸ் நிபுணரை வைத்துக் கதைகளை வெளியிட்டது 1894-ல். ஷெர்லாக் ஹோம்ஸ் இங்கிலாந்தில் பிரபலமான அதே காலம். 1908-ல் ஜே.ஆர்.ரங்கராஜு 'இராஜாம்பாள்' எழுதினார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' 1935-ல் சினிமாவானது. வை.மு.கோதைநாயகி 1920-களிலேயே நாவல் எழுதத் தொடங்கி, துப்பறியும் கதைகளையும் தொட்டார்.

இந்த வரிசையில் வேலூர் பக்கத்துக்காரர் ஒருவர் முக்கியமானவர். பெயர் ஆரணி குப்புசாமி முதலியார். இன்று ஆரணி திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. அவர் காலத்தில் அது வட ஆற்காடு. 'ஆனந்தபோதினி' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த அவர், ரெய்னால்ட்ஸ் போன்ற ஆங்கில எழுத்தாளர்களின் கதைகளைத் தழுவி நாவல் நாவலாக எழுதிக் குவித்தார். 'இரத்தினபுரி இரகசியம்' அவற்றில் பிரபலமானது. 1925-ல் காலமானார்.

பிறகு தேவனின் துப்பறியும் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்-வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக்-ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி என்று பஸ் ஸ்டாண்ட் கடைகளில் தொங்கிய பாக்கெட் நாவல்கள் ஒரு தலைமுறையையே படிக்க வைத்தன. கோவை ராஜேஷ்குமார் மட்டும் 1,500-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். 2008-ல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் இந்த எழுத்துகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டபோது, வெளிநாட்டு வாசகர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

இவ்வளவு இருந்தும், பவுச்சர்கான் போல ஆண்டுதோறும் கூடும் ஒரு வழக்கம் தமிழ் கிரைம் எழுத்தில் வேரூன்றவில்லை. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். மாதத்துக்கு இத்தனை நாவல் என்று கெடு வைத்து எழுதியவர்கள் அவர்கள். பதிப்பாளர், அச்சகம், கடை என்று சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. எழுத்தாளர் தன் வீட்டு மேஜையில் தனியாக இருந்தார். இன்னொரு பக்கம், தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம், கலை இலக்கியப் பெருமன்றம் போன்ற அமைப்புகள் ஊர் ஊராகக் கூட்டங்கள் நடத்தினாலும், அவற்றின் கவனம் வேறு வகை இலக்கியத்தில் இருந்தது. 'பாக்கெட் நாவல்தானே' என்ற இளக்காரமும் இருந்தது.

*அது சரி, கூடிப் பேசினால் என்ன கிடைக்கும்?*

மூன்று விஷயம் கிடைக்கும்.

*முதலாவது: தகவல் சரியாகும்.* இந்தியாவின் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் 2024 ஜூலை 1 முதல் மாறிவிட்டன. பழைய நாவல்களைப் படித்து வளர்ந்தவர்கள் எழுதும்போது இங்கேதான் அதிகமாக மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு கிரைம் எழுத்தாளர் தெரிந்து வைத்திருக்க வேண்டியவை:

• கொலை: இ.பி.கோ. 302-க்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-வது பிரிவு.

• மோசடி: '420' என்று எல்லோருக்கும் தெரிந்த பிரிவு இப்போது 318(4).

• சந்தேக மரணம்: பழைய சி.ஆர்.பி.சி. 174-க்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-வது பிரிவு.

• எஃப்.ஐ.ஆர்.: 154-க்குப் பதில் 173. சம்பவம் எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்பதும் இதில் சேர்ந்திருக்கிறது.

• தடயவியல்: 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது புதிய சட்டம். இதைப் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு அவகாசம் உண்டு.

• ஒப்புதல் வாக்குமூலம்: போலீசிடம் சொன்னது செல்லாது. ஆனால் அவர் சொன்னதை வைத்துக் கத்தியோ நகையோ கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பகுதி மட்டும் சாட்சியமாகும். பழைய சாட்சியச் சட்டத்திலும் இப்படித்தான், இப்போதும் இப்படித்தான்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. 2024 ஜூலைக்கு முன்பு நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும். 2010-ல் நடந்த கொலை 2025-ல் வெளிச்சத்துக்கு வருகிறது என்று கதை எழுதினால், அங்கே 302 தான் சரி. இந்தக் குழப்பத்தையே ஒரு நல்ல கதைத் திருப்பமாக மாற்றலாம்.

ராத்திரி பிரேத பரிசோதனை விஷயமும் இப்படித்தான். சூரியன் மறைந்த பிறகும் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய சுகாதாரத் துறை அனுமதித்தது. ஆனால் கொலை, தற்கொலை, சந்தேக மரணம் போன்றவற்றுக்கு, சட்டம் ஒழுங்கு பிரச்சினை இருந்தால் ஒழிய, அந்த அனுமதி கிடையாது. கதையில் உடல் காலை வரை காத்திருக்க வேண்டும். அந்த ஒரு ராத்திரிக்குள் கொலைகாரன் என்ன செய்கிறான் என்பது எழுத்தாளருக்குக் கிடைக்கும் போனஸ்.

*இரண்டாவது: உரிமை தெரியும்.* எழுதத் தெரிந்த பலருக்கு ஒப்பந்தம் படிக்கத் தெரியாது. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படைப்பின் உரிமை எழுதியவரின் வாழ்நாளுக்கும் அவர் மறைந்து 60 ஆண்டுகளுக்கும் இருக்கும். உரிமையை இன்னொருவருக்குக் கொடுப்பது எழுத்துமூலமாக, கையெழுத்துடன் இருக்க வேண்டும். எத்தனை ஆண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லை என்றால் 5 ஆண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த இடத்துக்கு என்று சொல்லவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்.

ஒரு கதையில் அச்சு, மின்புத்தகம், ஆடியோ, வெப் சீரிஸ், சினிமா என்று பல உரிமைகள் தனித்தனியாக இருக்கின்றன. 'எல்லா உரிமையும்' என்ற ஒரு வரியில் கையெழுத்துப் போட்டால் அத்தனையும் மொத்தமாகப் போகும். பிரதிலிபி, கிண்டில் என்று செல்போனிலேயே எழுதிப் போடும் இந்தக் காலத்தில், கிரைம் கதைக்கு ஓ.டி.டி. பக்கம் தேவை இருக்கும் நேரத்தில், இது சின்ன விஷயம் இல்லை. அனுபவப்பட்ட ஒருவர் அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் புதியவர் ஒருவருடைய பல வருட உழைப்பு மிஞ்சும்.

*மூன்றாவது: தனியாக இல்லை என்ற தெம்பு வரும்.* 1986-ல் அமெரிக்காவில் சாரா பரெட்ஸ்கி உள்ளிட்ட பெண் எழுத்தாளர்கள் 'சிஸ்டர்ஸ் இன் கிரைம்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பெண்கள் எழுதும் கிரைம் நாவல்களுக்குப் பத்திரிகைகளில் விமர்சனமே வருவதில்லை என்பதுதான் அவர்களின் புகார். வெறும் புலம்பலோடு நிற்காமல், எந்தப் பத்திரிகை எத்தனை விமர்சனம் போட்டது என்று எண்ணி எடுத்துக் காட்டினார்கள். நிலைமை மெல்ல மாறியது. தனி ஆளாக ஒருவர் கேட்டிருந்தால் அது பொறாமை என்று ஒதுக்கப்பட்டிருக்கும்.

*வேலூர் - ஆம்பூர் பகுதியில் இதற்கு என்ன இருக்கிறது?*

கிட்டத்தட்ட எல்லாமே இருக்கிறது, தனித்தனியாக.

வேலூரில் 1830-ல் கட்டப்பட்ட மத்திய சிறை இருக்கிறது. தென் மாநில சிறை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் நிறுவனமும் இங்கேதான். 1900-ல் தொடங்கிய சி.எம்.சி., அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி, சத்துவாச்சாரியில் நீதிமன்ற வளாகம், காட்பாடியிலும் ஜோலார்பேட்டையிலும் ரயில்வே போலீஸ். ஓய்வுபெற்ற ஏட்டு, சிறைக் காவலர், கோர்ட் கிளார்க், லேப் டெக்னீஷியன் இல்லாத தெரு வேலூரில் குறைவு. அமெரிக்காவில் பணம் கட்டிக் கேட்கும் விஷயத்தை இங்கே டீக்கடையில் கேட்கலாம்.

கதைக்கான களத்துக்கும் பஞ்சமில்லை. 1806 ஜூலையில் சிப்பாய் எழுச்சி நடந்த அதே கோட்டையிலிருந்து, 1995 ஆகஸ்டில் விடுதலைப் புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். 2021 டிசம்பரில் வேலூர் நகைக்கடை ஒன்றின் சுவரைத் துளைத்து சுமார் 15 கிலோ நகை திருடப்பட்டது. அது கடைசியில் ஒடுகத்தூர் சுடுகாட்டில் புதைக்கப்பட்ட நிலையில் மீட்கப்பட்டது. கற்பனையாக எழுதியிருந்தால் 'ஓவர்' என்று சொல்லியிருப்பார்கள்.

எழுத்துப் பாரம்பரியமும் உண்டு. பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவன் இந்த மண்ணின் வாழ்க்கையை நாவல்களில் பதிவு செய்திருப்பவர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பகுதிகளில் உருது படிக்கும் குடும்பங்களும் நிறைய. உருதுவிலோ துப்பறியும் கதைக்கு என்று பெரிய உலகமே இருக்கிறது. 1952-ல் 'ஜாசூசி துனியா' வரிசையைத் தொடங்கிய இப்னே சஃபிக்கு இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பெரும் வாசகர் கூட்டம் உண்டு. அவருடைய நாவல்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் கொண்டுவந்ததும் அதே சென்னை பிளாஃப்ட் தான். தமிழ் துப்பறியும் கதையும் உருது துப்பறியும் கதையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேச ஆம்பூரைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம்.

*தோல் தொழிலை வைத்து கிரைம் கதை எழுதலாமா?*

எழுதலாம். ஆனால் தூரத்தில் நின்று எழுதினால் 'நாற்றம் பிடித்த இருட்டு ஆலை' என்ற ஒரே படம்தான் வரும். உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்கு அது பல வேலைகள் சேர்ந்த இடம். பச்சைத் தோலை ஊறவைப்பது, சுண்ணாம்பில் போடுவது, சதை நீக்குவது, பெரிய மர டிரம்மில் குரோமியம் உப்புடன் சுற்றுவது, நீலம் பாரித்த 'வெட் புளூ' தோலாக வெளியே எடுப்பது என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஆள், தனி நேரம். எந்த ஷிப்டில் எந்தக் கட்டடத்தில் யார் இருப்பார்கள் என்று தெரிந்தால்தான், 'அந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய்?' என்று கதையில் கேட்க முடியும். தோல் ஷாப்பும் ஷூ கம்பெனியும் ஒன்றல்ல என்பதும் தெரிய வேண்டும். ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இங்கேதான் ஒரு பட்டறை கேட்க வேண்டிய கஷ்டமான கேள்வி வருகிறது. இந்தப் பகுதியில் நிஜமாக உயிர் போன சம்பவங்கள் பலவற்றில் கத்தியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஆலைக் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர்கள் விஷவாயு தாக்கி இறந்த செய்திகள் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை போய்விட்டது என்று நினைத்து உள்ளே இறங்கியவரும், அவரைக் காப்பாற்றப் போனவரும் அடுத்தடுத்து விழுகிறார்கள். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்தார்கள். பாலாற்றையும் நிலத்தையும் கெடுத்த கழிவு குறித்த வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம், நாடே இன்றும் மேற்கோள் காட்டும் சுற்றுச்சூழல் தீர்ப்பைக் கொடுத்தது.

கிரைம் கதையின் வழக்கமான கேள்வி 'கொன்றது யார்?' என்பது. இந்த ஊரின் கேள்வி 'அவரை உள்ளே இறங்கச் சொன்னது யார்?' என்பதாகவும் இருக்கலாம். அதை விபத்து என்று எழுதி மூடிய ஃபைலைத் திறக்கும் துப்பறிவாளர் தமிழுக்குப் புதியவராக இருப்பார்.

*சின்னதாக ஒரு பட்டறை நடத்துவது எப்படி?*

பெரிய ஸ்பான்சர் வேண்டாம். ஒரு கல்லூரி வகுப்பறையோ நூலகக் கூடமோ போதும். 20 பேர் போதும். கம்பெனி லீவு என்பதால் ஞாயிற்றுக்கிழமை சரி. பெண்கள் இருட்டுவதற்குள் வீடு திரும்பும்படி நேரம் வைக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இடம் இருப்பது நல்லது. ரம்ஜான் மாதத்தைத் தவிர்த்துவிடலாம்.

ஒரு நாள் நிகழ்ச்சி இப்படி இருக்கலாம்:

• காலை 10 மணி: ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரியும் ஒரு குற்றவியல் வக்கீலும். ஒரு உடல் கிடைத்ததிலிருந்து குற்றப்பத்திரிகை வரை என்ன நடக்கும் என்று படிப்படியாகச் சொல்வார்கள். நடப்பு வழக்குகளைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிட வேண்டும்.

• 11.30: தடயவியல் மருத்துவம் படித்த ஒருவர். இறந்த நேரத்தை எப்படிக் கணிக்கிறார்கள், சினிமாவில் வருவதுபோல 'ராத்திரி 10.10-க்கு இறந்தார்' என்று ஏன் சொல்ல முடியாது என்று விளக்குவார்.

• 12.30: பழைய கதை வாசிப்பு. நடேச சாஸ்திரி, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூரார் ஆகியோரின் எழுத்துகளுக்குப் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. பிரதி எடுத்துக் கொடுத்து, துப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடலாம்.

• மதியம்: சாப்பாடு. ஆம்பூர் என்றால் என்ன சாப்பாடு என்று சொல்லத் தேவையில்லை.

• 2.15: நான்கு நான்கு பேராகப் பிரிந்து, ஒவ்வொருவரும் கொண்டுவந்த ஐந்து பக்கத்தைப் படிப்பது. 'நல்லா இருக்கு' என்று மட்டும் சொல்லத் தடை. எந்த வரியில் சந்தேகம் வந்தது என்று சொல்ல வேண்டும்.

• 3.45: ஒப்பந்தமும் உரிமையும்.

• 4.30: அடுத்த சந்திப்புக்குத் தேதி குறித்துவிட்டுக் கலைவது. இதை மறந்தால் முதல் கூட்டமே கடைசிக் கூட்டம்.

2022 முதல் மாவட்டங்கள்தோறும் அரசு நடத்தும் புத்தகத் திருவிழாக்களில் ஒரு மாலை நேரத்தை கிரைம் எழுத்துக்குக் கேட்டு வாங்குவது அடுத்த படியாக இருக்கலாம்.

*எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?*

முதலில் பணம். 'பட்டறைக்கு வந்தால் புத்தகம் போட்டுத் தருகிறோம், சினிமா வாய்ப்பு வாங்கித் தருகிறோம்' என்று பெரிய தொகை கேட்டால் யோசிக்க வேண்டும். போட்டிக்குக் கதை அனுப்பும்போது, தோற்ற கதையின் உரிமையும் நடத்துகிறவருக்கே என்று விதிமுறையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, நிஜ வழக்குகள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டம் இன்னும் கறார். பெயரை மட்டும் மாற்றி, தெருவையும் பள்ளியையும் அப்படியே விட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். வழக்கு முடியாத நிலையில் ஒருவரைக் கொலைகாரராகக் காட்டினால் அவதூறு வழக்கு வரலாம். கூடவே சட்டத்தில் இல்லாத ஒரு விஷயமும் இருக்கிறது. சின்ன ஊரில் இறந்தவரின் அம்மாவும் அதே நூலகத்துக்கு வரக்கூடும். சம்பவத்தை அப்படியே எடுக்காமல், அதன் காரணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஊர், காலம், ஆட்கள் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டுவதுதான் அனுபவசாலிகள் சொல்லும் வழி.

பவுச்சர்கானும் ஹாரோகேட்டும் இன்று பெரிய நிகழ்ச்சிகள். ஆனால் அவற்றின் அடிப்படை எளிமையானது. எழுதுகிறவர், படிக்கிறவர், விஷயம் தெரிந்தவர் என்ற மூன்று தரப்பும் ஒரே அறையில் இருக்க வேண்டும். வேலூரிலும் ஆம்பூரிலும் இந்த மூன்று தரப்பும் ஏற்கெனவே இருக்கிறார்கள். இனி ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, அவர்களை அழைக்க ஒருவர் வேண்டும்.